ஏழு மணி நேரம், ஒரே கேள்வி

லண்டனிலுள்ள இன்ஸ்டிடியூஷன் ஆஃப் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்ஸ் நடத்தும் சார்ட்டர்டு மெம்பர் தேர்வுக்கு ஏழு மணி நேரம் கொடுக்கிறார்கள். தாளில் பல கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு விடை எழுதினால் போதும். புத்தகம் பார்த்தே எழுதலாம். இத்தனை சலுகை இருந்தும், பல ஆண்டுகளில் எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேல் தேறவில்லை.

பிரிட்டனில் கட்டமைப்புப் பொறியாளருக்கென்று சட்டப்படியான தனி உரிமம் கிடையாது. ஆனாலும் பல கன்சல்டன்சிகளில் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறுப்பு இந்தத் தகுதியை ஒட்டித்தான் வருகிறது. அதனால்தான் சென்னையிலும் கொழும்பிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம்மவர்களும் இதை எழுதுகிறார்கள். இனி சொல்லப்போவது கட்டடக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு. பாலம் வடிவமைப்பவர்கள் உதாரணத்தை மாற்றிக்கொள்ளலாம், வரிசை அதேதான். விதிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், பணம் கட்டுமுன் அந்த ஆண்டின் வழிமுறை ஏட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் நேரத்தைப் பிரியுங்கள். மரபான மதிப்பெண் பங்கீடு இது: இரண்டு மாறுபட்ட தீர்வுகளைப் படத்தோடு முன்வைக்கும் 1ஏ பிரிவுக்கு 40, வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்துக்கு 10, கணக்குக்கு 20, வரைபடங்களுக்கு 20, கட்டும் முறைக்கும் கால அட்டவணைக்கும் சேர்த்து 10. மொத்தம் 420 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அப்படியானால் 1ஏ-வுக்கு 165 நிமிடம், கணக்குக்கு 80 நிமிடம். மேசையில் ஒரு துண்டுத்தாளில் ஒவ்வொரு பிரிவும் முடிய வேண்டிய கடிகார நேரத்தை எழுதி வையுங்கள். அந்த நேரம் வந்ததும், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அடுத்த பிரிவுக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு பிரிவுகள் ஒரு பகுதி, மற்ற மூன்றும் இன்னொரு பகுதி; இரண்டு பகுதிகளிலும் தனித்தனியே தேற வேண்டும் என்பதால், ஒன்றை மெருகேற்றி இன்னொன்றை வெறுமையாக விட்டால் பயனில்லை.

அடுத்தது கேள்வியைப் படிப்பது. இதற்கு அரை மணி நேரம் செலவழியுங்கள், கூசவே வேண்டாம். வாடிக்கையாளர் கேட்பவை, சுமைகள், காற்று, மண், எதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்ற குறிப்பு என எல்லாமே ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். வீணான வரி அதில் அநேகமாக இருக்காது. நிலத்தடி நீர் 1.5 மீட்டரில் என்று போட்டிருந்து, கட்டடத்தின் அடித்தளக் கிடங்கு 4.5 மீட்டர் ஆழம் போனால், 3 மீட்டர் நீர் கீழிருந்து தள்ளுகிறது. சதுர மீட்டருக்கு 30 கிலோநியூட்டன். மேலே கட்டடம் எழும்புவதற்கு முன் அந்தக் கிடங்கு மிதக்குமா என்று கேட்கத்தான் அந்த வரி அங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட வரி ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு, உங்கள் விடையில் எந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது என்று ஓரத்தில் எண் போடுங்கள்.

இனி 1ஏ. என் கணிப்பில், தேறாதவர்களில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். கணக்குத் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. கணக்குப் போட்டே பழகிய கை, கால்குலேட்டரைத் தேடிப் போகிறது. கேட்பதோ வேறு: சுமை எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது, பக்கவாட்டு விசையை எது தாங்குகிறது, இரண்டு தீர்வுகளில் எதைப் பரிந்துரைக்கிறீர்கள், ஏன்.

‘மாறுபட்ட’ தீர்வு என்பதைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே தூண் அமைப்பு, அதே ஸ்பான். ஒன்று ஸ்டீல், மற்றது காங்கிரீட். இது ஒரே தீர்வின் இரண்டு வண்ணம். சுமையின் வழியோ நிலைத்தன்மையைத் தரும் அமைப்போ மாற வேண்டும். இரண்டுமே மாறினால் நல்லது.

ஒரு கேள்வியை நாமே கட்டிப் பார்ப்போம். தரைத்தளத்தில் 24 மீட்டர் அகலக் கண்காட்சிக் கூடம், உள்ளே ஒரு தூணும் கூடாது. மேலே இரண்டு அலுவலகத் தளங்கள், பிறகு கூரை. முதல் தீர்வு: கூரையில் 3 மீட்டர் ஆழ டிரஸ்கள், அவற்றிலிருந்து தொங்கும் ஹேங்கர்களில் இரண்டு தளங்கள், இரு முனையிலும் காங்கிரீட் கோர். சுமை மேலே ஏறி, ஓரத் தூண் வழியாக இறங்குகிறது. இரண்டாவது: முதல் அலுவலகத் தளத்தின் முழு உயரத்துக்கும் டிரஸ், மேல்தளமும் கூரையும் அதன்மேல் உட்காருகின்றன, பக்கவாட்டுக்கு முனைச் சுவர்களில் ஸ்டீல் பிரேசிங். இதில் டிரஸ்ஸின் சாய்வுக் கம்பிகள் அலுவலகத்துக்குள் நடமாட்டத்தை மறிக்கும். முதலாவதில் மேலே டிரஸ் முழுமையாகும்வரை கீழ்த்தளங்களுக்குத் தற்காலிக முட்டு வேண்டும். இந்த இரண்டையும் வாடிக்கையாளரின் தேவையோடு நிறுத்துப் பார்த்து எழுதும் பத்தியில்தான் தேர்வாளர் உங்களைப் பொறியாளராகப் பார்க்கிறார்.

படங்கள் பெரிதாக இருக்கட்டும். அம்புக்குறிகளால் சுமை வழியைக் காட்டுங்கள். காற்று ஸ்லாபின் வழியாக எந்தக் கோருக்குப் போகிறது என்பதையும் வரையுங்கள். ஒரு ஹேங்கர் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வரி கட்டாயம். 1968 மே மாதம் லண்டனில் ரோனன் பாயின்ட் அடுக்குமாடியில் 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்து ஒரு மூலை முழுக்கச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதன்பிறகு பிரிட்டிஷ் விதிகளில் நுழைந்த அக்கறை இது.

இந்தக் கட்டத்தில் மூன்று வரிக் கணக்கு போதும். தளத்துக்கு சதுர மீட்டருக்கு 11 கிலோநியூட்டன் வடிவமைப்புச் சுமை, இரண்டு தளம் 22, கூரை 5, மொத்தம் 27. டிரஸ் இடைவெளி 6 மீட்டர் என்றால் மீட்டருக்கு 162. சீராகப் பரவியதாக எடுத்தால் வளைவுத் திருப்புமை 162 × 24² ÷ 8, சுமார் 11,700 கிலோநியூட்டன் மீட்டர். ஆழம் 3 மீட்டரால் வகுத்தால் கீழ்க்கம்பியில் 3,900 கிலோநியூட்டன் இழுவிசை. எஸ்355 ஸ்டீலுக்கு 11,000 சதுர மில்லிமீட்டர் பரப்பு. சந்தையில் கிடைக்கும் அளவுதான்; தீர்வு நிற்கும். நகருங்கள்.

கடிதம்: வடிவமைப்பு முடிந்த பிறகு வாடிக்கையாளர் ஒரு மாற்றம் கேட்கிறார். ஹேங்கரை நகர்த்து, தளத்தைக் கூட்டு, இப்படி ஏதாவது. கேட்பவர் பொறியாளர் அல்லர் என்பதை மறக்காமல் எளிய மொழியில் எழுதுங்கள். பணமும் காலமும் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதைச் சொல்லுங்கள். சின்ன மாற்றம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1981 ஜூலையில் கன்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜென்சி ஓட்டலில் இரண்டு தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டையும் தாங்க வேண்டிய ஒற்றைக் கம்பியை இரண்டு துண்டாக மாற்றியதில், மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. நம் உதாரணத்திலும் தளங்கள் தொங்குகின்றன என்பதைக் கவனியுங்கள்.

கணக்கில் முக்கிய உறுப்புகளை மட்டும் எடுங்கள்: ஸ்லாப், ஒரு பீம், டிரஸ், ஹேங்கர், தூண், கோர், அடித்தளம். ஒரே பீமுக்கு விலகல், அதிர்வு எல்லாம் பார்த்துவிட்டு அடித்தளத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே அடித்தளத்தை இரண்டாவதாகவே போட்டுவிடலாம். வரைபடத்தில் தளப்படம், வெட்டுப்படம், இரண்டு மூன்று இணைப்பு விவரங்கள். அளவுகள் இல்லாத படத்தை வைத்து விலை கணிக்க முடியாது.

கட்டும் முறையில் பாடப்புத்தக வரிசையை எழுதாதீர்கள். அடித்தளக் கிடங்கு இருந்தால் அது மிதக்காமல் நீரை எதுவரை இறைக்க வேண்டும், தற்காலிக முட்டுகளை எப்போது எடுக்கலாம், எடுக்கும்போது டிரஸ் எவ்வளவு தாழும் என்று உங்கள் கட்டடத்துக்கே உரியதை எழுதுங்கள்.

பழைய தாள்களை வீட்டில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து முழுதாக எழுதிப் பழகுங்கள். எழுதியதை, தேறிய ஒரு சீனியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். சக தேர்வர்களிடம் கொடுத்தால் அவர்களும் கணக்கைத்தான் பார்ப்பார்கள். தேர்வறையில் கடைசிப் பத்து நிமிடத்தைப் புதிதாக எழுதச் செலவிட வேண்டாம். கணக்கில் வந்த பைல் எண்ணிக்கையும் வரைபடத்திலுள்ள எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, ஒவ்வொரு தாளிலும் பதிவு எண் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.