வெட்டுப்புள்ளி வரும்வரை

கேள்வி: உயர்தர உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று எல்லாரும் பேசுகிறார்கள். என்ன செய்யலாம்?
– முல்லைத்தீவு வாசகி

பதில்: பேசுகிறவர்கள் பேசட்டும், பிள்ளை. உங்கள் இசட் புள்ளியைக் கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள். மருத்துவம், விவசாயம் போன்ற துறைகளில் பெரும்பங்கு இடங்கள் மாவட்ட அடிப்படையில் போகின்றன. பின்தங்கிய மாவட்டங்களுக்கெனத் தனி ஒதுக்கீடும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருப்பவை. எனவே உங்கள் மாவட்டத்தின் கடந்த இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளிகளையே எடுத்துப் பாருங்கள். அவையும் குறிப்புத்தான், உறுதியில்லை.

அதிகம் பிழைப்பது விண்ணப்பத்தில்தான். பெருமைக்காக நாலு துறையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதாத துறை, புள்ளி இருந்தாலும் கிடைக்காது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. இரண்டும் வீட்டுக்குக் கிட்ட; விடுதிச் செலவையும் அம்மாவோடு இருந்து கணக்குப் பாருங்கள்.

வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றாலும் வெற்றிடம் நிரப்பும் சுற்று இருக்கிறது. அதுவரை ஆங்கிலமும் கணினியும் படியுங்கள். அறிவியல் நகரிலேயே இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள உணவுத் தொழில்நுட்பம் உயிரியல் படித்தவருக்குப் பொருந்தும். கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தையும் விடாதீர்கள். மறுபடி பரீட்சை எழுதுவதானால் ரியூசனுக்கு இப்போதே போங்கள். வெட்டுப்புள்ளி வந்தபின் தொடங்கினால் நாள் போதாது.