வீட்டின் பழுதைச் சரிசெய்வது யார் கடமை?

சிவகாசியில் வீடு கைமாறும் காலத்தில், ஐப்பசி மழைக்கு ஒழுகும் தளத்தையும் வெடித்த சுவரையும் செப்பனிடுவது யார் பொறுப்பு என்னும் மனஸ்தாபம் எழாதிருக்க, இவற்றை நினைவிற் கொள்வது நலம்:

• வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாததும், தாம் அறிந்ததுமான பிரதானக் குறையை விற்பவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விதிக்கும் கடமை. பழுதுபார்த்தே தரவேண்டும் என்று அது சொல்லவில்லை.

• ஆகையால், செப்பனிடுபவர் யார், அன்றேல் விலையில் கழிவு எவ்வளவு என்பதை, முன்பணம் கொடுக்குமுன் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க.

• 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்துக்கு உட்பட்ட புதுக் கட்டடமாயின், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை, 30 நாட்களுக்குள் இலவசமாகச் சீர்செய்வது கட்டி விற்றவரின் கடமை.

• புதுச் சுண்ணாம்பின் வெண்மையில் மயங்காது, அனுபவமிக்க கொத்தனாரோடு சென்று பார்ப்பது உத்தமம்.