வில்லியம் மில்லரின் சேக்சுபியர் நூல்களும் கிறித்தவக் கல்லூரித் தமிழாய்வும்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அதற்கு முன் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கு நெடுங்காலம் முதல்வராக விளங்கிய ஸ்காட்லாந்து நாட்டவர் வில்லியம் மில்லர் (1838–1923). சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். அக்கல்லூரியில் அவர் காலத்தில் முகிழ்த்த தமிழ்த் திறனாய்வை அவருடைய எழுத்துகளின் வழிவந்ததாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

மில்லரின் சேக்சுபியர் நூல்கள் 1900 முதலான சில ஆண்டுகளில் வெளிவந்தன. லியர் அரசனை இந்திய அரசியலோடும், மாக்பெத்தை ஆன்மாக்களின் அழிவோடும், ஹாம்லெட்டை வாழ்வின் வீணடைவோடும் இணைக்கும் தலைப்புகளே அவர்தம் நெறியைப் புலப்படுத்தும். நாடகத்தினின்று படிப்போரின் வாழ்வுக்குரிய அறப்படிப்பினையைப் பெறுதலே அந்நெறி.

அக்கல்லூரியில் பயின்று அங்கேயே தமிழாசிரியரான வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரின் 'நாடகவியல்' 1897இல் வெளிவந்தது. இது மில்லரின் லியர் நூலுக்கு மூன்றாண்டுகள் முந்தியது. ஆகவே நூல்வழித் தாக்கம் என்பது காலவரிசைக்குப் பொருந்தாது. வகுப்பறை வழித் தொடர்பைக் கூறுவோர் அதற்குத் தனிச்சான்று காட்டல் வேண்டும். நோக்கமும் வேறு: மில்லர் தேடியது நாடகம் உணர்த்தும் அறம், சாஸ்திரியார் வகுத்தது நாடகத்தின் இலக்கணம்.

1898இல் அங்குத் தமிழாசிரியராகச் சேர்ந்த மறைமலையடிகளின் 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை' (1903), மில்லரின் நூல்களுக்குப் பிந்தியது. எனினும், சொற்களைப் பிரித்துக் கூட்டிப் பொருள்கொள்ளும் நச்சினார்க்கினியர் உரைப்போக்கை மறுத்து, பாட்டின் சொற்கிடந்த முறையிலேயே பொருள் காண முயல்வது அவ்வாராய்ச்சி. மில்லர் நூலினின்று வாழ்வை நோக்கிச் செல்கிறார். அடிகளோ உரையினின்று மூலத்தை நோக்கித் திரும்புகிறார். 1911இல் கல்லூரிப் பணியினின்று விலகிய அடிகள், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில் வாழ்ந்து தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

எனவே, ஒரே நிறுவனம், ஒரே காலம் என்பன கொண்டு முதல்வரை ஊற்றாகவும் தமிழாசிரியரைக் கிளையாகவும் காணுதல் ஏற்புடைத்தன்று. அவ்வாறு காண்பின், உரைமரபோடு நிகழ்த்திய வாதத்தின் வழியே தமிழ்த் திறனாய்வு உருப்பெற்ற வரலாறு மறைந்துவிடும். மில்லரின் நூல்களைத் தமிழாய்வாளர் பயிலவேண்டுவது மூலம் தேடியன்று. ஒரு கல்லூரிக்குள் இருவேறு வாசிப்பு நெறிகள் அருகருகே நின்றமையை ஒப்பிட்டு உணர்தற்பொருட்டே.