கணினிப் பட்டாவா, பழைய பத்திரமா?

இங்கிலாந்தில் 1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளியாயின. அங்கே பாட்டனைத் தேடுகிறவர் தட்டச்சிட்ட பட்டியலையும் பார்க்கலாம், தாளின் படத்தையும் பார்க்கலாம். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் வீட்டுவாரித் தாளை யாருக்கும் காட்டாது. கம்பம் பள்ளத்தாக்கில் முன்னோர்களைத் தேடுகிறவர் நிலத்தைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும்.

கணினிப் பட்டா செலவில்லாதது. சர்வே எண் தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் அதன் அடிப்படை 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவுகள். அதற்கு முந்தைய தலைமுறை அதில் இருக்காது. பெயர் ஏறும்போது எழுத்தும் பிசகும், ‘வகையறா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கு சித்தப்பாக்களும் மறைந்துபோவார்கள். அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு; எனக்கு அதில் பெரிதாகப் பயன்படுவது அந்தக் கட்டம்தான். பழைய பதிவேட்டுக்கு அதுதான் சாவி. போடி, கண்டமனூர் போன்ற ஜமீன் ஊர்களில் அந்தப் பதிவேடு எஸ்.எல்.ஆர். என்ற செட்டில்மென்ட் நிலப் பதிவேடு; 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு எழுதப்பட்டது. பசலி ஆண்டு போட்டிருந்தால், ஆங்கில ஆண்டுக்கு 590 கூட்டிக்கொள்ளுங்கள்.

உறவுமுறை வேண்டுமென்றால் பட்டாவில் நேரத்தைப் போக்காமல் பத்திரத்துக்குப் போய்விடுங்கள். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பிந்திய காலத்தது இணையத்தில் கிடைக்கும், அங்கே இல்லாத பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். வில்லங்கமும் சுருக்கம்தான். அதிலுள்ள ஆவண எண்ணைக் கொண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை வாங்குங்கள். யார் மகன், எந்தத் தாரத்துப் பிள்ளை, மைனருக்குக் கார்டியன் யார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். செக்குபந்தியையும் விடாமல் படியுங்கள்: ‘இன்னார் நிலத்துக்குக் கிழக்கு’ என்றால், அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளி.

ஒரு சங்கதி. ஜெராக்ஸ் வருவதற்கு முன்பு அலுவலகப் புத்தகத்தில் இருந்ததே எழுத்தர் கையால் பார்த்து எழுதிய பிரதிதான். அவரும் பிசகியிருக்கலாம். முப்பாட்டி வைத்த கைநாட்டைக் காண வேண்டுமானால் பங்காளி வீட்டு டிரங்குப் பெட்டியைத்தான் திறக்கச் சொல்ல வேண்டும். நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.