விரிசல் விட்ட இசைத்தட்டை மீண்டும் பாடவைக்க

எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல் காலமானபோது அவருக்கு வயது 27. சினிமாவில் அவர் நடிக்கவில்லை. அவர் குரலை இன்று நாம் கேட்பது 78 சுழற்சி இசைத்தட்டுகளின் தயவில்தான். அப்படி ஒரு தட்டு பரணிலிருந்து இறங்கி, விளிம்பிலிருந்து லேபிள் வரை கோடு விழுந்திருப்பது தெரிந்ததும் வீட்டில் முதலில் தேடப்படுவது ஃபெவிக்விக். விரிசலின் மேலேயே ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார்கள். தட்டு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இசை பதிந்த வரிகள் எல்லாம் பசையால் அடைபட்டுப் போயிருக்கும்.

பழைய தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல. அவலரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும், வெப்பத்தில் இளகும். எனவே ஸ்பிரிட், சானிடைசர், ஹேர் டிரையர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தூசியைத் துடைக்கப் பிழிந்தெடுத்த ஈரத்துணி போதும். விரிசல் உள்ள தட்டைத் தண்ணீரில் முக்கவே கூடாது. கொலம்பியா தட்டுகள் பலவற்றின் நடுவே காகிதம் இருக்கிறது, ஈரம் இறங்கினால் அது ஊதிவிடும்.

விரிசலின் ஆழத்தைக் காதால் அறியலாம். நடுத்துளையில் விரலைக் கொடுத்துத் தட்டைத் தொங்கவிட்டு, பானை வாங்கும்போது செய்வதுபோல விளிம்பில் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் மேல்கீறல்தான், அதைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. மந்தமாகவோ அதிர்ந்தோ ஒலித்தால் விரிசல் மறுபக்கம் வரை போய்விட்டது.

அடுத்த வேலையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். விரிசலின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில், வரிக்கு வரி நேராக நிற்க வேண்டும். ஒரு வரியின் அகலம் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். அந்த அளவு விலகினாலே ஊசி பக்கத்து வரிக்குத் தாவும். சமமான கண்ணாடிப் பலகை மேல் தட்டை வைத்து, தாழ்ந்த பக்கத்தின் அடியில் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து வெளிச்சம் பாய்ச்சினால் வரிகள் மின்னும். அந்த மினுமினுப்பு விரிசலில் உடையாமல் தொடர்ந்தால் சரி. ஓர் இடத்தில் வளைந்து படி இறங்கினாலும் மறுபடி நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் மயிரிழை மேடு சில சமயம் மிஞ்சும். அப்போது எந்தப் பக்கம் மேடாக இருக்கலாம் என்பதில் கணக்கு உண்டு. தட்டு வலச்சுற்றாகச் சுழல்வதால், விரிசலின் ஒரு பக்கம் முதலில் ஊசியைக் கடக்கும், மறுபக்கம் பின்னால் வரும். முதலில் கடக்கும் பக்கமே மேடாக இருக்க வேண்டும். அப்போது ஊசி மேட்டிலிருந்து இறங்கும், ஒரு ‘டக்’ ஒலியோடு போய்விடும். மாற்றி வைத்தால் ஊசி சுவரில் போய் முட்டும், வரியைச் சிதைக்கும். தட்டைத் திருப்பிப் போட்டால் மேடு, தாழ்வு இரண்டும் மாறும், சுழலும் திசையும் மாறும். ஆகவே ஒரு பக்கத்துக்குச் சரியாக அமைந்தது மறுபக்கத்துக்கும் சரியாகவே இருக்கும்.

இரு பக்கமும் துணி சுற்றிய எடையை வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும். செல்லோடேப் வேண்டாம், உரிக்கும்போது லேபிளும் கையோடு வந்துவிடும். பசை ஃபெவிக்விக் வகைதான், ஆனால் தண்ணீர்போல் ஓடும் மெல்லிய ரகமே ஏற்றது. ஜெல் ரகம் இதற்கு உதவாது. ஊசிமுனையில் ஒரு சொட்டு எடுத்து, தட்டின் வெளி விளிம்பில் விரிசல் வாயில் தொட்டால் அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொரு சொட்டு லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில். இசை இருக்கும் வரிகளின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை. ஆவி வெள்ளையாகப் படியாமலிருக்க ஜன்னல் திறந்திருக்கட்டும், தட்டை மூடி வைக்க வேண்டாம். வழிந்த பசையை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தால் மேற்பரப்பே கெட்டுவிடும். ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஒட்டிய தட்டைச் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியில் போடவே கூடாது. அதில் ஊசியைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். 78க்கான ஊசி பொருத்திய மின்சார டர்ன்டேபிளில், சில கிராம் அழுத்தத்தில் ஓட்டி உடனே கணினியில் பதிய வேண்டும். ஊசி துள்ளினால் ஒரு சுருக்குவழி இருக்கிறது. 33⅓ வேகத்தில் ஓட்டிப் பதிந்துவிட்டு, ஆடாசிட்டி மென்பொருளில் ஏறத்தாழ 2.34 மடங்கு வேகமாக்கினால் பாட்டு தன் சுருதிக்கு வந்துவிடும். மெதுவாகப் போகும் ஊசி விரிசலை அநேகமாகத் தாவாமல் கடக்கும். விரிசலின் ‘டக்’கையும் அங்கேயே ஒவ்வொன்றாக நீக்கலாம்.

ஒலி பதிந்த எடிசன் உருளைகள் வேறு சங்கதி. மெழுகு உருளையில் விரிசல் என்றால் வீட்டில் பசையே வேண்டாம். கைச்சூடே அதைப் பிளந்துவிடும். உள்ளே இரு விரல்களை விரித்துக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும், வெளிப்பரப்பில் விரல் படக்கூடாது. 1912இல் வந்த புளூ ஆம்பரால் ரகம் செல்லுலாய்டு, உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அந்த பிளாஸ்டர் ஈரத்தில் ஊதி, கருவியின் உருளைத் தண்டில் இறுகும். பலவந்தமாகத் தள்ளினால் செல்லுலாய்டு பிளக்கும். உட்புறத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் தளர்த்துவதே வழி.

தட்டு நான்கு துண்டாகிவிட்டதா? தூக்கி எறிய வேண்டாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் உருவாக்கிய ஐரீன் என்ற கருவி, ஊசியே படாமல் வரிகளைப் படமெடுத்து ஒலியை மீட்கிறது. உடைந்த தட்டுகளையும் அதனால் படிக்க முடியும். லேபிளையும் அதிலுள்ள எண்ணையும் படமெடுத்துக்கொண்டு, துண்டுகளைத் தனித்தனிக் காகித உறைகளில், ஒன்றோடொன்று உரசாமல் படுக்கவைத்துப் பாதுகாத்து வையுங்கள். உதிர்ந்த சில்லுகளையும் சேர்த்து.