சேட்டை குறைந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள்



"புள்ள ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது சார். அரிசி டப்பாவைக் கவுத்துது, கரண்டியைத் தூக்கி எறியுது. இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?"

மேகமலை லயன் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி இது. மருந்து எதுவும் வேண்டாம். சேட்டை செய்கிற பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது. "சேட்டை குறைஞ்சு சாதுவாயிட்டான்" என்று சொன்னால்தான் நான் உட்கார்ந்து விசாரிப்பேன். ஏன் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

காலண்டர் சொன்ன செய்தி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்தில் அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையை அப்பத்தா பார்த்துக்கொண்டார். அப்பா ஒரு பழக்கம் வைத்திருந்தார். பிள்ளை புதிதாக எது செய்தாலும் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி, ஆணியில் குத்தி வைப்பார்.

பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது நான் எடை பார்த்தேன். எடை சரியாக இருந்தது. "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது என் தவறு. அடுத்த மாதம் அந்த அப்பா தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார். வரிசையாகப் படித்தேன்.

11 மாதம்: முறுக்கு டப்பா திறக்குற சத்தம் கேட்டுத் தவந்து வந்தான்.
13 மாதம்: நாலு எட்டு நடந்தான்.
15 மாதம்: அப்பா, தா, பூ. மூணு வார்த்தை.
16 மாதம்: சளி விடவே இல்லை. காதை இழுக்கிறான்.
17 மாதம்: டப்பா திறந்தா வரலை. கூப்பிட்டா திரும்பலை.
18 மாதம்: பூன்னு சொல்றதில்லை. சாதுவாயிட்டான்.

பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து நின்றேன், சிரித்தான். அன்றே சீட்டு எழுதிக் கீழே அனுப்பினோம். அடிக்கடி வந்த சளியால் இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கட்டியிருப்பதை மருத்துவர் கண்டார். வலியோ சீழோ வெளியே தெரியாமலே இப்படி நீர் கட்டிக் கேள்வியை மங்கச் செய்துவிடும். மூன்று மாதம் மருத்துவரின் கவனிப்பில் இருந்தான். காது தெளிந்தது. பேச்சும் திரும்பியது. அப்புறம் வந்த ஒரு தாளில் அப்பா எழுதியிருந்தார்: "முறுக்கு டப்பாவையே கவுத்துட்டான்."

என் எடைத் தராசு காட்டாததை அந்தக் காலண்டர் காட்டியது.

எடையும் வேண்டும், கண்ணும் வேண்டும்

தேனி நம் மதுரையோடு சேர்ந்திருந்த காலத்தில், 1980-இல், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில்தான் தொடங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். அந்த வழக்கம் இன்றும் அங்கன்வாடியில் உண்டு. அதை விடாதீர்கள். ஆனால் பிள்ளை பார்க்கிறதா, கேட்கிறதா, பேசுகிறதா என்பதைத் தராசு சொல்லாது. கூடவே இருக்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த வயதில் எதைப் பார்ப்பது?

1 வயதில்: பிடித்துக்கொண்டு நிற்கும். சின்னப் பொருளைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கும். பெயர் சொன்னால் திரும்பும். டாட்டா காட்டும்.

1½ வயதில்: தானாக நடக்கும். வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டும். சில வார்த்தைகள் சொல்லும்.

2 வயதில்: ஓடும். "அம்மா தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். நீங்கள் கூட்டினால் தானும் துடைப்பத்தை எடுக்கும்.

எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் நடக்காது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பிள்ளைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, தானாக நடக்கும் வயது 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை வேறுபடும். தவழாமலே நடந்துவிடும் பிள்ளையும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் வருந்தாதீர்கள். ஆனால் 18 மாதம் முடிந்தும் நடக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

"சாப்பிடவே மாட்டேங்குது"

முதல் வருடத்தில் பிள்ளை ஏறக்குறைய 6 கிலோ ஏறும். இரண்டாம் வருடத்தில் 2 முதல் 2½ கிலோதான். வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் சற்றுக் குறையும். வாயில் திணிக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்து தடவை கொடுங்கள்; தானே அள்ளித் தின்னவும் விடுங்கள். சிந்தினால் சிந்தட்டும். எடைக்கோடு ஏறிக்கொண்டிருந்தால் கவலை இல்லை. ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ உடனே காட்டுங்கள்.

கரண்டியைப் பத்துத் தடவை எறிவது உங்களைக் கோபப்படுத்த அல்ல. எறிந்தால் விழுகிறதா, சத்தம் வருகிறதா, அம்மா எடுத்துத் தருகிறாளா என்று அது சோதித்துப் பார்க்கிறது. அடிக்காதீர்கள். உடையாத பொருளைக் கையில் கொடுங்கள். கொதிக்கும் கஞ்சி, மண்ணெண்ணெய், தோட்டத்து மருந்து டப்பா ஆகியவற்றை மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள். குளிர்பானப் பாட்டிலில் மருந்தையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி வைப்பது பெரும் ஆபத்து.

உடனே காட்ட வேண்டியவை

• கூப்பிட்டால் திரும்பவில்லை
• கண்ணைப் பார்க்கவில்லை
• 1½ வயதில் ஒரு வார்த்தையும் இல்லை
• கற்றதை மறந்துவிட்டது (இதுதான் மிக முக்கியம்)

"ஆம்பளைப் புள்ள மெதுவாத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.

வேலைக்குப் போகிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை

காலையில் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்பும் தாய், பிள்ளையின் விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் காண்பதில்லை. அது உங்கள் குற்றமல்ல. பகலில் பார்ப்பவர் அப்பத்தாவோ, அம்மாச்சியோ, காப்பக ஆயாவோ, தினமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு என்ன சேட்டை பண்ணுச்சு?" பதிலை அப்பா எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளை எழுதட்டும். இப்படிக் கவனிக்க நேரம் வேண்டும்; அடுத்த குழந்தைக்கு மூன்று வருட இடைவெளி விடச் சொல்வது இதற்காகவும்தான்.

இன்று கிழிக்கிற காலண்டர் தாளைத் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி ஆணியில் குத்துங்கள். அடுத்த முறை எடை போட வரும்போது அட்டையோடு அந்தத் தாள்களையும் கொண்டுவாருங்கள். நாங்கள் படிக்கிறோம்.