எக்ஸ்ரே சுத்தம், மூச்சு மட்டும் ஏன் வாங்குகிறது?

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, நெஞ்சுல ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. மறுபடி எதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி?" என்று கேட்கிறவர்கள் நம் தோட்டங்களில் பலர். மூச்சு வாங்குவது நிற்கவில்லை என்றால் போகத்தான் வேண்டும், தோழர்களே!

எக்ஸ்ரே நுரையீரலின் உருவத்தைக் காட்டும். சளி கட்டியிருப்பதும் நீர் கோத்திருப்பதும் அதில் தெரியும். ஆனால் ரத்தம் எல்லாப் பக்கமும் ஓடுகிறதா என்பது தெரியாது. காலில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து போய் நுரையீரல் குழாயை அடைத்துக்கொண்டால், படம் சுத்தமாகவே இருக்கலாம். ஆளோ மூச்சுக்குத் தவிப்பார். உயிரையே வாங்கிவிடக்கூடிய அடைப்பு இது.

கால் முறிந்து படுத்திருந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்கள் கவனமாக இருக்க வேண்டும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலும், இருமலில் ரத்தம் வந்தாலும், அந்த நேரமே கிளம்புங்கள்.

அங்கே அணு மருத்துவ ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். 'அணு' என்றதும் ஹிரோஷிமா ஞாபகம் வரும். பயப்பட வேண்டாம். இதில் பெரும்பாலும் பயன்படுவது டெக்னீஷியம் என்ற பொருள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைந்துகொண்டே போகும். முதலில் மருந்து கலந்த காற்றை மூச்சில் இழுக்கச் சொல்வார்கள். பிறகு கையில் ஓர் ஊசி. காற்று எங்கே போகிறது, ரத்தம் எங்கே போகிறது என்று காமிரா தனித்தனியாகப் படம் பிடிக்கும். காற்று போன இடத்துக்கு ரத்தம் போகவில்லையா? அடைப்பு அங்கேதான் என்று டாக்டர் சந்தேகிப்பார். நுரையீரலின் ரத்த ஓட்டத்தை இப்படிப் படம் பிடித்து அடைப்பைக் கண்டறிந்ததை 1964இல் அமெரிக்க டாக்டர் ஹென்றி வாக்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள்.

இன்று பல இடங்களில் சி.டி. ஸ்கேனைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதற்குச் சாய மருந்து ஏற்ற வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், அந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அணு ஸ்கேன்தான் வசதி. ரத்தக்கட்டிக்கு மூன்று மாதம் மருந்து சாப்பிட்டும் மேடு ஏறினால் இளைக்கிறது என்பவர்களுக்கும் இதுவே நல்ல சோதனை. காச நோய்க்கு இது உதவாது. அதற்குச் சளியைத்தான் சோதிக்க வேண்டும். பல வருடம் சுருட்டும் சிகரெட்டும் பிடித்துக் கெட்டுப்போன நுரையீரலில் இந்தப் படத்தைப் படிப்பதும் சிரமம்.

கர்ப்பமாக இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள், எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டு போங்கள். ஸ்கேனை அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.